ரவுடிக்கு ஒரு துணை

வார்டன் ஒட்டுக் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வாரம் படித்துவிட்டு நிறையப் பேர் அவள்மேல் கோபமாக இருக்கிறீர்கள். அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மகள் தன் சித்தியிடம், அம்மாவின் தங்கையிடம், போனில் பேசியது காதில் விழுந்தது. காதைக் கழற்றி வைத்துவிட்டா துணி மடிக்க முடியும்?

"எனக்கு இங்க யாரும் இல்ல சித்தி. நானும் ரவுடியும் மட்டும்தான். சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு."

அந்தச் சனிக்கிழமை இன்று. சித்தி வருவது சாயங்காலம் ஐந்து மணிக்கு.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காக நாலு வரி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது. ஒரே மகள், பதினேழு வயது. பெண்கள் விடுதி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக வார்டனாக இருக்கும் ஒருத்தியை அவர் கல்யாணம் செய்துகொண்டு முப்பத்தெட்டு நாள் ஆகிறது. மகள் அவளை 'வார்டன்' என்றுதான் கூப்பிடுகிறாள், அதுவும் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால் மட்டும். நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

ரவுடி, மகளின் படிக்கும் மேஜைமேல் இருபது லிட்டர் தொட்டியில் இருக்கும் ஃபைட்டர் மீன். கருநீல உடம்பு, ஓரத்தில் சிவப்பு ஓடும் நீள வால். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு இரண்டு மாதம் முன்பு அம்மா வாங்கிக் கொடுத்தது. கண்ணாடிக்கு வெளியே விரலைக் காட்டினாலே செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். "சரியான ரவுடி!" என்று அம்மா சிரித்தாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இப்போது சனிக்கிழமை காலைக்கு வருவோம்.

மகள் எட்டு மணிக்கே சிறப்பு வகுப்புக்குப் போய்விட்டாள். கட்டிலின்மேல் அவள் பை, பாதி நிரம்பி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வார்டன் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேஜைக்குத் திரும்பினாள். ரவுடி தொட்டியின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. மறுபடி போனது.

'தனியா கிடக்கு,' என்று நினைத்தாள். மீனைத்தான் நினைத்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.

அவள் விடுதியில் ஒரு விதி உண்டு. புதிதாக வரும் எந்தப் பெண்ணுக்கும் ஒற்றை அறை கிடையாது. விண்ணப்பங்களை மேஜையில் பரப்பி, ஒரே மாதிரிப் பெண்களாகப் பொறுக்கி ஜோடி சேர்ப்பாள். சீக்கிரம் எழுந்திருப்பவளோடு சீக்கிரம் எழுந்திருப்பவள். வாயாடியோடு வாயாடி. சும்மா சொல்லக் கூடாது, அவள் போட்ட ஜோடிகளில் பாதிப் பேர் இன்றைக்கும் ஒருத்தி வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தி போய் வருகிறார்கள்.

ஒன்பதரைக்கு வண்ண மீன்கடையில் நின்றாள். கடையை நடத்தும் அக்கா ஒரு கையில் வலையும் இன்னொரு கையில் பிளாஸ்டிக் பையுமாக நாலு பேருக்கு நடுவில் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல ஏற்கெனவே என்ன மீன் வச்சிருக்கீங்கம்மா?"

"ஒண்ணே ஒண்ணு. எதை எதோட வைக்கணும்னு எனக்குத் தெரியும். அந்த நீலத்துல நாலு பிடிச்சுக் குடுங்க."

இருநூறு பெண்களை அடக்கி வைத்த குரல் அது. அக்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் காட்டியது கப்பி மீன். நாலும் ஆண். விசிறி வால், நீலமும் சிவப்பும், அச்சு அசல் ரவுடியின் ஜாடை. சொந்தக்காரர்கள் என்றே சொல்லலாம் என்று அவளுக்குச் சந்தோஷம். மகள் வந்து பார்க்கும்போது தொட்டி கலகலவென்று இருக்கும். ஒருவேளை சிரிப்பாள். ஒருவேளை அந்தப் பையிலிருந்து இரண்டு சட்டையை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைப்பாள். அவ்வளவு போதும் என்றுதான் நினைத்தாள், பாவம்.

பையைத் தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, அக்கா சொன்னபடியே பதமாகத் திறந்துவிட்டாள். நாலும் நீந்திக்கொண்டு வெளியே வந்தன. ரவுடி செவுளை விரித்தது.

இங்கேதான் ஐயா, இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவள் காலை வாரிவிட்டது. அறைக்குப் புது ஆள் வந்த முதல் ஒரு மணி நேரம் முட்டல் மோதல் இருக்கும், வார்டன் போய் நின்றால் அது பெரிதாகும், ஆகவே கதவைச் சாத்திவிட்டு விலகிவிட வேண்டும். இதுவும் விடுதி விதி. வார்டன் கதவைச் சாத்திவிட்டு சமையலறைக்குப் போனாள். காய் நறுக்கினாள். ஒரு மணி நேரம் இரண்டானது. கதவைத் திறக்கக் கை பரபரத்தும், பிடிவாதமாகப் பார்க்காமலே இருந்தாள்.

பன்னிரண்டரைக்கு மகள் வந்தாள். அறைக்குள் போனாள். வார்டன் கரண்டியைக் கையில் பிடித்தபடியே காத்திருந்தாள்.

"யார் இதைப் பண்ணினது?"

தணிந்த குரல். வார்டன் ஓடினாள்.

இரண்டு கப்பி மிதந்துகொண்டிருந்தன. ஒன்றுக்கு வாலே இல்லை. மீதி இரண்டும் ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடுங்கின. ரவுடி தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. அந்த நீள வால் இரண்டு இடத்தில் அடி வரை கிழிந்திருந்தது. நீலம் வெளுத்துப்போய்ச் சாம்பலாகத் தெரிந்தது. செவுள் மட்டும் வேகவேகமாகத் திறந்து மூடியது.

"நான்... அதுக்குத் துணைக்குன்னு..."

"அது கேட்டுச்சா உங்ககிட்ட?"

"தனியா இருக்கேன்னு..."

"எங்கம்மா வாங்கிக் குடுத்தது அது. எங்கம்மா கையால வாங்கிக் குடுத்ததுல உயிரோட இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் கொன்னாச்சா?"

எத்தனையோ பெண்கள் வார்டன் எதிரில் நின்று கத்தியிருக்கிறார்கள், எல்லோருக்கும் பதில் வைத்திருந்தாள். இப்போது கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

மகள் அப்பாவுக்குப் போன் போட்டாள். கடையிலிருந்தே அவர் சொன்னார்: "ஒண்ணும் ஆகாதுடா. மீன்தானே, தானா சரியாயிடும். நல்லாயிடும் பாரு."

கண்ணாடிக்காரரின் வாய் அப்படி. எந்த மூஞ்சிக்கு எந்த பிரேம் வைத்தாலும் "பொருத்தமா இருக்கு சார்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். மகள் போனை வைத்தாள்.

பிழைத்த இரண்டு கப்பியையும் ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு வார்டன் செருப்பை மாட்டினாள். "கடைல கேட்டுட்டு வரேன். மருந்து ஏதாவது..."

"நானும் வரேன்," என்றாள் மகள். "உங்களை நம்பி அனுப்ப முடியாது. என்ன நடந்ததுன்னு நீங்க சரியா சொல்ல மாட்டீங்க."

இருவரும் தெருவில் நடந்தார்கள். நடுவில் ஒரு ஆள் போகும் இடைவெளி. பாத்திரத்துத் தண்ணீர் தளும்பி வார்டனின் முன்கையை நனைத்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை மூடியிருந்தது; மூன்றரைக்கு அக்கா வந்து திறக்கும்வரை வாசலிலேயே காத்திருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அக்கா தலையில் கை வைத்தார்.

"ஃபைட்டரோடயா? அட கடவுளே! காலைல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஃபைட்டர்னு சொல்லியிருந்தா கப்பியை உங்க கையிலேயே குடுத்திருக்க மாட்டேனே!"

"ஒரே மாதிரி இருக்கறதால ஒத்துப்போகும்னு நினைச்சேன்," என்றாள் வார்டன். மழுப்பவில்லை. "நீங்க கேட்டீங்க. நான்தான் சொல்லல."

மகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே மாதிரி இருக்கறதுதாம்மா வம்பே," என்றார் அக்கா. "நீள வால், பளிச்சுனு கலர், இதெல்லாம் பாத்தா தன் இடத்தைப் பிடிக்க இன்னொரு ஃபைட்டர் வந்துடுச்சுன்னு நினைச்சுக்கும். கண்ணாடியைக் காட்டினா தன்னையே அடிக்கப் பாயும். கப்பியும் லேசுப்பட்டது இல்ல, திருப்பி வாலைக் கடிச்சு வைக்கும். தன்னை மாதிரி இல்லாத ஆளைத்தான் அது விட்டு வைக்கும்."

"அப்ப எதைத்தான் விடறது?" என்று கேட்டாள் வார்டன்.

"பெரிய தொட்டின்னா, அடியில மேயற சின்ன மீனு அஞ்சாறு விடலாம், அதுபாட்டுக்குக் கிடக்கும். இருபது லிட்டர்ல எதையும் நெருக்கக் கூடாது. ஒரு நத்தை விட்டுப் பாக்கலாம். குட்டி இறாலை சில ஃபைட்டர் சும்மா விடும், சிலது தின்னுட்டு அடுத்தது எங்கன்னு தேடும். குணம் மீனுக்கு மீன் வேற. எதை விட்டாலும் நீங்க பக்கத்துலயே உக்காந்து பாக்கணும். வேண்டாம்னு அது சொன்னா உடனே எடுத்துடணும். நிறைய ஃபைட்டர் தனியா இருந்தே நல்லா இருக்கும்மா. நமக்குத்தான் மனசு கேக்கறதில்ல."

வார்டன் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டாள். மகள் கேட்டாள்: "இப்ப என்ன பண்ணணும்?"

"தொட்டித் தண்ணியைப் பாதியாக் குறைச்சுடு. அது மேலே வந்து காத்து குடிக்கற மீனு, அடிபட்டப்ப ரொம்ப தூரம் ஏற முடியாது. ஃபில்டரை மெதுவா வை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி மாத்து. இந்த உப்பை நான் எழுதித் தர்ற அளவுல போடு. பத்து நாளைக்குத் தொட்டியை இடம் மாத்தக் கூடாது. வயசு எவ்வளவு?"

"ரெண்டரை இருக்கும்."

அக்கா அளவை ஒரு சீட்டில் எழுதி மகளிடம் கொடுத்தார். "கிழிஞ்ச வால் வளரும். ஆனா வயசான மீனு. பிழைச்சுடும்னு நான் சொல்ல மாட்டேன்."

கப்பிகளை வாங்கித் தனித் தொட்டியில் விட்டார்.

திரும்பி வரும் வழியில் பேருந்து நிறுத்தத்து பெஞ்ச் காலியாக இருந்தது. மகள் அதில் உட்கார்ந்துவிட்டாள். வார்டன் பக்கத்தில் உட்காரவில்லை. காலிப் பாத்திரத்தோடு நின்றாள்.

"நீங்க ஏன் எங்கம்மா மாதிரியே எல்லாம் பண்றீங்க?"

"என்ன பண்ணினேன்?"

"சிட்டுன்னு கூப்பிடறீங்க. அது அம்மா மட்டும் கூப்பிடற பேரு. ஜன்னல் ஓர நாற்காலில உக்கார்றீங்க. பாலை ஆத்திட்டு டம்ளர்மேல தட்டு வச்சு மூடித் தர்றீங்க. அந்தப் பச்சை சால்வை..." தோளிலிருந்த பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க வந்த மூணாம் நாள், நான் வகுப்பு முடிஞ்சு வரேன். அந்த சால்வையைப் போத்திக்கிட்டுக் கதவைத் திறந்தீங்க. வெளிச்சம் உங்க பின்னால இருந்துச்சு. மூஞ்சி தெரியல. ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம் எனக்கு அம்மான்னே தோணிச்சு. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அப்புறம் பாத்தா நீங்க."

பள்ளிக்கூடப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

வார்டனுக்கும் கண் நிறைந்தது. அவளுக்குப் பச்சையே பிடிக்காது. அவளுக்கு ஜன்னல் ஓரக் காற்று ஆகாது, கழுத்து பிடித்துக்கொள்ளும். முப்பத்தெட்டு நாளாகக் கழுத்து வலியோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே பண்ண மாட்டேன்," என்றாள்.

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா சொன்னாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். புருஷனைக் காப்பாற்றியிருக்கலாம். வார்டன் ஒரு கணம் யோசித்தாள்.

"ஆமா. அவர்தான் சொன்னார். ஆனா சரின்னு செஞ்சது நான்."

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. சித்தி அரை மணி முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தாள். கணக்கு டீச்சர், எதையும் நேரத்துக்கு முன்னால் முடிப்பவள். கண்ணாடிக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து, கொழுந்தியாளுக்கு டீ போட்டுக் கொடுத்திருந்தார்.

மகள் நேராகப் போய்க் குவளையால் தண்ணீரை மொண்டு தொட்டியைப் பாதியாகக் குறைத்தாள். வார்டன் வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. உப்பைக் கரைத்து, ஃபில்டரைக் குறைத்து, கை கழுவிவிட்டு மகள் கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா. அவங்களை அம்மா மாதிரி இருக்கச் சொன்னீங்களா?"

கண்ணாடிக்காரர் வார்டனைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை.

"உனக்குச் சுலபமா இருக்கும்னு..."

"எனக்கா?"

சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க மாமா. இன்னிக்காவது சொல்லுங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாமல் அவர் ரொம்ப வயதானவராகத் தெரிந்தார்.

"எனக்குத்தான்டா. அந்த நாற்காலி காலியா இருக்கறதை என்னால பாக்க முடியல. உங்கம்மா போயிட்டான்னு எனக்கு இன்னும் நம்பத் தெரியல. யாராவது அதே மாதிரி நடமாடினா போதும்னு இருந்துச்சு. இவளுக்கு நான் பண்ணினது அநியாயம். உனக்கும்தான்."

வார்டன் படியில் நின்றபடியே புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்தெட்டு நாளில் புருஷன் அவளுக்காக ஒரு வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை.

"என்னால மட்டும் பாக்க முடிஞ்சுதாப்பா?" என்றாள் மகள். பிறகு சித்தியிடம் திரும்பினாள். "போலாம் சித்தி."

"குட்டிம்மா..." என்று எழுந்தார் அப்பா.

"பத்து நாள் இருந்துட்டு வரேன்பா. அதுக்கப்புறம் என்னன்னு யோசிச்சுச் சொல்றேன். இப்ப என்னை விடுங்க."

"மீனு?" என்றாள் சித்தி. "வண்டில தொட்டிக்கு இடம் பண்ணி வச்சிருக்கேன்டி."

"பத்து நாளைக்கு நகர்த்தக் கூடாதாம். இங்கதான் இருக்கணும்."

அப்பா உடனே சொன்னார்: "நான் பாத்துக்கறேன்டா. நீ கவலையே படாதே. நல்லாயிடும்."

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அக்கா எழுதிக் கொடுத்த சீட்டை வார்டனிடம் நீட்டினாள்.

"காலைல ஒரு குவளை தண்ணி எடுத்துட்டு ஒரு குவளை விடணும். பிடிச்சு வச்ச தண்ணி. ரெண்டு உருண்டை தீனி, அதுக்கு மேல வேண்டாம். சாப்பிடலன்னா அரை மணில எடுத்துடணும்."

"சரி."

"தினமும் காலைல ஏழு மணிக்குப் போன் பண்ணுவேன். எப்படி இருக்கோ அப்படியே சொல்லணும். செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு சொல்லணும். அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப தினமும் நல்லாயிருக்கா, நல்லாயிருக்கா, திங்கக்கிழமை வந்துடுவான்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஞாயித்துக்கிழமை வீடெல்லாம் பெருக்கித் துடைச்சு வச்சேன்." நிறுத்திக்கொண்டாள். "அதனால."

"சொல்றேன்," என்றாள் வார்டன்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை மூன்று பேரில் மீந்த இருவரும் வாசலில் நின்றார்கள். அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் கேட்காமல் உள்ளே போய், மேஜைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பச்சைச் சால்வை மடித்தபடி அலமாரிக்குள் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வார்டன் ஆறு மணிக்கே தண்ணீர் மாற்றிவிட்டாள். இரண்டு உருண்டை தீனி போட்டாள். ரவுடி அசையவில்லை. உருண்டைகள் ஊறி மெதுவாகக் கீழே இறங்கின. அரை மணி கழித்து அவற்றை எடுத்துவிட்டாள்.

ஏழு அடித்ததும் போன் வந்தது. கண்ணாடிக்காரர் அதற்கு முன்பே வந்து பக்கத்தில் நின்றிருந்தார்.

"சாப்பிட்டுச்சுன்னு சொல்லிடு," என்று கிசுகிசுத்தார். "பரீட்சைக்குப் படிக்கற பொண்ணு, ஒரு நாளைக்குத்தானே. நாளைக்குள்ள சரியாயிடும்."

வார்டன் போனைக் காதில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"சாப்பிடல," என்றாள் வார்டன். "அடியிலேயே படுத்திருக்கு. கலர் இன்னும் வரல. ராத்திரியிலேர்ந்து ரெண்டு தடவைதான் மேல வந்து காத்து குடிச்சுது. ரெண்டையும் பாத்தேன். பிழைக்குமான்னு எனக்குத் தெரியல."

கண்ணாடிக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் அழுகையை அடக்கும் மூச்சு கேட்டது.

"சாயங்காலமும் பண்றேன்," என்றாள் மகள். "நீங்களே எடுங்க. அப்பாகிட்ட குடுக்காதீங்க."